ஒரே காதுக்கு இரண்டு பக்கமும்

மாமனாருக்கு வலது காது போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வந்த காய்ச்சல், போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "வீட்டுல நடக்குற சண்டையக் கேக்க ஒரு காது போதும்" என்று அவர் சிரித்தார். ஆனால் பாட்டுக் கேட்பதை அடியோடு விட்டுவிட்டார்.

மருமகளுக்கு அது உறுத்தியது. செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவள் வேலை. வேலை முடிந்து வந்தால் சாப்பாட்டு மேசையின் மூலையில் சால்டரிங் அயர்னும் ஈயக்கம்பியுமாக உட்கார்ந்துவிடுவாள். வீட்டு ஆம்பிளிஃபயரைப் பிரித்து மேய்ந்தவள் அவள். ஸ்பீக்கர் ஒயர்கள்கூட அவள் கைப்பட முறுக்கியவை. பஸ் ஓட்டும் கணவன் அவளை "ஒயர்க்காரி" என்றுதான் கூப்பிடுவான்.

"ஏன் மாமா பாட்டே போடுறதில்ல?"

"என்னத்தம்மா கேக்குறது? எல்லாரும் வாசிக்கிறாங்க, வயலின்காரன் மட்டும் லீவு போட்டுட்டான்."

அவள் ஒரு கணம் யோசித்தாள். சி.டி.யை ஓடவிட்டு, ஹெட்ஃபோனை இடவலம் மாற்றி அவர் தலையில் மாட்டினாள்.

"அட, வந்துட்டான்!" என்றவர் முகம் உடனே சுருங்கியது. "இப்ப புல்லாங்குழல்காரனக் காணோமே!"

விஷயம் பிடிபட்டது. வயலின் வலப்பக்கம், குழல் இடப்பக்கம். பாதிப் பாட்டு கேட்காத காதுக்குப் போய் வீணாகிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே பிளேயருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் நடுவே ஒரு புதுக் கேபிள் செய்தாள். இரண்டு பக்கமும் கேட்கிற காதுக்கே வரட்டும் என்று இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிப் பற்றவைத்தாள். சத்தம் கரகரவென்று உடைந்தது.

"ரெண்டையும் பிடிச்சுக் கட்டிவெச்சா சண்டை போடாம என்ன செய்யும்?" என்றான் கணவன்.

கேலிதான். ஆனால் அவளுக்குப் பொறி தட்டியது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளுகின்றன. சேரும் முன் இரண்டுக்கும் கடிவாளம் வேண்டும். பிரித்தாள். விரல்நுனி அளவுப் பிளக்குக்குள் மின்சாரத்தை மட்டுப்படுத்தும், அரிசி மணி போன்ற இரண்டு ரெசிஸ்டர்களை, ஒயருக்கு ஒன்றாக, நுழைத்தாள். பல்லில் மயிரிழை இடைவெளி பார்த்துப் பழகிய கை.

மறுநாள் காலை மாமனார் ஹெட்ஃபோனோடு கண்ணை மூடி உட்கார்ந்தார். நாற்காலிக் கைப்பிடியில் அவர் விரல் தாளம் போட ஆரம்பித்தது. பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார். அதற்கப்புறம் தங்கையை ஃபோனில் பிடித்தார்.

"ரெண்டு பேரும் வாசிக்கிறாங்க! கடையிலயா? எந்தக் கடையில கிடைக்கும் இது? என் மருமக செஞ்சது!"

தெருவுக்கே கேட்டிருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு உச்சி குளிர்ந்தது. குழாயை மூடிவிட்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"ஏம்மா, என் தங்கச்சி வீட்டுப் பக்கத்துல ஒருத்தருக்கும் இதே மாதிரி ஒரு காது கேக்காதாம். செஞ்சு தருவியான்னு கேக்குறா."

"தரலாம் மாமா," என்றாள் ஈரக்கையைத் துடைத்தபடி. "இதவிட நல்லாவே செய்வேன்னு சொல்லுங்க."