மஸ்கட்டுக்குப் போகாத மெயில்கள்

மஸ்கட்டிலிருந்து வந்திருந்த மெயிலை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சைபுல்லா இன்னொரு தடவை படித்தார். "எங்கள் கடிதங்களுக்குத் தங்களிடமிருந்து பதில் ஏதும் இல்லாததால் இந்தச் சம்பந்தத்தில் தங்களுக்கு விருப்பம் குறைந்துவிட்டதோ என ஐயுறுகிறோம். மாதக் கடைசிக்குள் முடிவு தெரியாவிட்டால் நாங்கள் வேறு இடம் பார்ப்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்." நயீம் எழுதும் தமிழ் எப்போதும் பத்திரம் எழுதுகிறவரின் தமிழ்தான். சேலத்துக்காரர். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் பல வருடமாக இருப்பவர். அங்கேயே வேலையில் இருக்கும் அவருடைய மகன் முபஷிருக்கு சைபுல்லாவின் மகள் அஃபீபாவைக் கேட்டிருந்தார்கள். போனில் பேசுவதெல்லாம் காற்றோடு போய்விடும், கல்யாண விஷயம் எழுத்தில் இருக்கட்டும் என்று நயீம் முதலிலேயே சொல்லியிருந்தார். சைபுல்லாவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பதில் இல்லை என்கிறாரே, ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் பதில் போட்டிருந்தாரே!

நாமக்கல் திருச்சி ரோட்டில் சைபுல்லாவுக்குக் கோழிப்பண்ணைகளுக்கு மருந்தும் தீவனச் சத்தும் விற்கிற கடை. கடையில் எல்லாம் வாட்ஸ்அப்தான். ஆனால் விசிட்டிங் கார்டில் போடுவதற்காகக் கடைப் பெயரிலேயே ஒரு மெயில் முகவரியை எப்போதோ வாங்கி, அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். குடும்ப விஷயத்தைக் கடை ஆட்கள் நடுவில் உட்கார்ந்து எழுத முடியாது என்பதால் மஸ்கட் கடிதங்கள் எல்லாம் வீட்டிலிருந்தே போயின. எழுதுவார், அனுப்பும் பொத்தானை அழுத்துவார், மானிட்டரை அணைத்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். அன்றுதான் பதிலை அனுப்பிவிட்டு முதல் தடவையாக அணைக்காமல் பார்த்துக்கொண்டு இருந்தார். நீலக்கோடு ஒன்று பாதிவரை ஓடி நின்றது. ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்தது. இடது பக்கம் அவுட்பாக்ஸ் என்று இருந்த இடத்தை அழுத்தினால், அவர் எழுதிய அத்தனை பதில்களும் அங்கே வரிசையாகக் கிடந்தன. "எங்களுக்குப் பூரண சம்மதம், நிச்சயத்துக்கு நாள் குறிக்கலாம்" என்று எழுதியதும் அதில் இருந்தது.

வருவது ஒழுங்காக வருகிறது, போவது மட்டும் போகவில்லை. லைன் கெட்டிருந்தால் இரண்டும்தானே நிற்க வேண்டும்? கடையில் வந்த சரக்கு சரியாக இருந்து போகிற சரக்கில் மட்டும் கோளாறு வந்தால் அதில் யாருடைய கையோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். அவர் யோசனை அந்த வழியிலேயே போனது. வீட்டில் இருப்பது மூன்று பேர். மனைவி அஜீஸுன்னிசாவுக்குக் கம்ப்யூட்டரைத் துடைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

மீதி இருப்பது அஃபீபா. பி.சி.ஏ. படித்தவள். பழைய டெலிபோன் லைன் அடிக்கடி படுத்துவிடுகிறது என்று புது ஃபைபர் லைனுக்கு ஏற்பாடு செய்தவள் அவள்தான். வந்த ஆட்களிடம் பேசியதும், ரூட்டரைத் தன் அறைச் சுவரில் மாட்டச் சொன்னதும், பாஸ்வேர்ட் வைத்ததும் அவளே. கிடக்கிற பதில்கள் எல்லாமே அந்த லைன் வந்ததற்குப் பிறகு எழுதியவை என்பதைத் தேதிகளைப் பார்த்துச் சைபுல்லா உறுதிப்படுத்திக்கொண்டார். சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நயீமும் அவர் வீட்டுப் பெண்களும் இவளைப் பார்த்துவிட்டுப் போன அன்று, இவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெண் வாய் திறக்காமல் இருந்தால் சம்மதம்தான் என்று அஜீஸுன்னிசா சொன்னாள். அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் அவருடைய நடையே மாறிப்போனது. செருப்பு சத்தம் கேட்காமல் வந்தார். அவர் உள்ளே வரும்போது அஃபீபா போனைக் கவிழ்த்து வைப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. அவள் கம்ப்யூட்டர் மேசைப் பக்கம் நின்றால் எதற்கு நிற்கிறாள் என்று பார்த்தார். அவள் கடைவீதிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அவள் அறைக்குள் போய் ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, பச்சை விளக்குகள் அணைந்து மறுபடி எரியும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து அனுப்பிப் பார்த்தார். அசையவில்லை. அன்று சாயந்தரம் எதையோ சோதிப்பதுபோல, போனிலிருந்து தனக்கு ஒரு மெயில் போடச் சொல்லி அவளிடம் கேட்டார். அவள் அனுப்பியது மறு நிமிடம் வந்து விழுந்தது. ஒரே வீடு, ஒரே லைன். அவளுடையது போகிறது, அவருடையது போகவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மகளே நிறுத்தி வைத்திருந்தால் நயீமிடம் என்னவென்று சொல்வது என்று மஸ்கட்டுக்குப் போன் போடவும் இல்லை. அஜீஸுன்னிசாவிடம் சொன்னபோது, பெற்ற பிள்ளையைப் போய்ச் சந்தேகப்படலாமா என்று சண்டைக்கு வந்தாள். ஆனால் மறுநாளிலிருந்து அவளும் அடுப்பை விட்டுவிட்டு மகள் அறைப் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் நிறுத்தினார். கத்தக் கூடாது என்று முடிவு செய்திருந்ததால் குரல் ரொம்பவும் தணிந்து வந்தது.

"இதையெல்லாம் நிறுத்தி வெச்சது நீதானா கண்ணு?"

அவள் வரிசையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நான் ஒண்ணும் பண்ணலீங்க அத்தா" என்றாள். அவளுடைய மெயில் மட்டும் எப்படிப் போனது என்று கேட்டார். போனில் போவது வேறு வழி, இது வேறு வழி என்று அவள் ஏதோ விளக்கினாள். அது அவருக்குப் பிடிபடவில்லை. தப்பிக்கச் சொல்கிற சாக்காகத்தான் காதில் விழுந்தது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் விளக்கத்தைப் பாதியில் விட்டாள்.

"ஆனா இது போகாம கெடக்கறது எனக்குத் தெரியுமுங்க. போன வாரமே பாத்தேன். சொல்லோணும்னு தோணலை."

அஜீஸுன்னிசா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். ஏன் என்பதையும் அஃபீபாவே சொன்னாள்.

"அவரோட அத்தா எழுதறாங்க, நீங்க எழுதறீங்க. கட்டிக்கப் போறவரு இதுவரைக்கும் ஒரு வரி எழுதியிருக்காராங்கத்தா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, லீவு நாள் என்பதையும் பார்க்காமல் கடைக்குப் போய்ப் பாதி ஷட்டரைத் தூக்கி உட்கார்ந்திருந்தார். கோபம்தான் முதலில் இருந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தது செய்ததற்குச் சமம் என்று நினைத்தார். செய்யவும் செய்திருப்பாள், பாதியை ஒத்துக்கொண்டு மீதியை மறைக்கிறாள் என்றும் நினைத்தார். பரமத்தி ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கலையரசனுக்குப் போன் போட்டு, சாயந்தரம் வீட்டுக்கு வரச் சொன்னார். சரி செய்வதற்காக மட்டும் அவர் கூப்பிடவில்லை. யார் கை வைத்தது என்று மூன்றாம் மனிதன் ஒருவன் பார்த்துச் சொல்ல வேண்டும் அவருக்கு.

கலையரசன் வந்து, அந்த ஆங்கில வரியைப் படித்தான், என்னென்னவோ கட்டங்களைத் திறந்தான், லைன் மாற்றினீர்களா என்று கேட்டான். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டான்.

"யாரும் கை வெக்கலீங்க பாய். மெயில் வெளிய போறதுக்கு வாசல் மாதிரி நம்பர் இருக்குதுங்க. உங்குளுது பழைய இருபத்தஞ்சாம் நம்பர்ல போயிட்டிருந்துச்சு. குப்பை மெயில் போகக் கூடாதுன்னு புது லைன்காரங்க ஊட்டு லைனுக்கெல்லாம் அதை அடைச்சு வெச்சிருக்காங்க. உள்ள வர்ற வாசல் வேற, அதனால வர்றது வந்துட்டிருக்குது."

அப்படியானால் மகளின் போனிலிருந்து எப்படிப் போனது என்று சைபுல்லா விடாமல் கேட்டார். அது வேறு நம்பரில் போகிறது, அடைக்காத நம்பர் என்றான் அவன். காலையில் அவள் சொன்னதும் அதேதான். கலையரசன் நம்பரை மாற்றினான், பாஸ்வேர்டைப் போட்டான். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல சைபுல்லா வாயெடுத்தபோது நீலக்கோடு ஓடி முடிந்திருந்தது. "பாருங்க, எல்லாம் போயிருச்சு" என்றான். பூரண சம்மதமும் போய்விட்டது. அஃபீபா டீயை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சைபுல்லா டம்ளரைப் பார்த்தார். உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்நிய ஆள் எதிரே எப்படிச் சொல்வது என்று இருந்தார். ஆள் போன பிறகும் சொல்லவில்லை.

டம்ளர்களைக் கழுவி வைப்பதற்குள் நயீமின் பதில் வந்துவிட்டது. மட்டற்ற மகிழ்ச்சி, அடுத்த மாதம் நிச்சயத்துக்கு வருகிறோம், பெண்ணின் பாஸ்போர்ட் நகலை அனுப்பவும். சைபுல்லா அதை மூடிவிட்டு, முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் ஆற அமரப் படித்தார். பையனின் சம்பளம், எடுத்திருக்கும் வீடு, பெண் வேலைக்குப் போக வேண்டிய தேவை இராது என்பது, என் மகன் என் சொல்லைத் தட்டமாட்டான் என்பது. மண்டபத்துக்குக்கூடப் பையன் வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்றார்கள். பொறுப்பான பையன் என்று அப்போது பெருமையாக இருந்தது. இப்போது அதே வரிகள் வேறு மாதிரி நின்றன. இந்தப் பையனுக்கு இப்படி ஒரு பேச்சு நடப்பதே தெரியுமா? தெரிந்தால் ஏன் ஒரு சலாம்கூட எழுதவில்லை? வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறானா, உடம்புக்கு ஏதாவதா? ஒரு வாரமாக மகள்மேல் வைத்திருந்த கண் மெல்ல மஸ்கட்டுக்குத் திரும்பியது.

அஜீஸுன்னிசா வேண்டாம் என்றாள். சம்மதம் சொன்ன கையோடு இப்படிக் கேட்டால் குற்றமாக எடுத்துக்கொள்வார்கள், நல்ல இடம் கைவிட்டுப் போகும் என்றாள். அவர் எழுதினார். நிச்சயத்துக்கு முன்பு முபஷிர் தம்பி எங்கள் மகளுக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதினாலோ ஒருமுறை பேசினாலோ மனநிறைவாக இருக்கும் என்று, அழித்து அழித்து எழுதி முடித்தார். பிறகு அஃபீபாவைக் கூப்பிட்டு நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். அவள் உட்காரவில்லை, குனிந்தே படித்தாள்.

"போடுங்கத்தா" என்றாள்.

போனது. அவுட்பாக்ஸைத் திறந்து, காலியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் மானிட்டரை அணைத்தார்.

அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. டீ டம்ளர் காய்வதற்குள் பதில் போட்ட மனிதர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் வராததுமாக அவர் கம்ப்யூட்டரைத்தான் திறந்தார். அஜீஸுன்னிசா பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். லைன்காரர்கள் இந்த வாசலையும் அடைத்துவிட்டார்களோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. கலையரசன் மறுபடி வந்தான். நீங்களே ஏதாவது எழுதி உங்கள் முகவரிக்கும் என் முகவரிக்கும் போடுங்கள் என்றான். போட்டார். அவன் சட்டைப் பையில் போன் சிணுங்கியது.

"லைன் சுத்தமா இருக்குதுங்க பாய். உங்க மெயில் போய்ச் சேந்திருச்சு. இனி அந்தப் பக்கந்தான் பாக்கோணும்."

அவன் வண்டி தெருமுனை திரும்பிய சத்தம் அடங்கியது. அஃபீபா அறையிலிருந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையில் எல்லாவற்றுக்கும் மேலே, இன்னும் படிக்காதது என்று காட்டும் தடித்த எழுத்தில் ஒரு மெயில் இருந்தது. இருவரும் ஒன்றாகக் குனிந்தார்கள். அனுப்பியவர் பெயர் சைபுல்லா என்று இருந்தது. அவர் மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மௌஸைத் தன் பக்கம் நகர்த்தி அதைத் திறந்தாள். வெள்ளைப் பக்கத்தின் நடுவில் அவர் தட்டிய ஒரே ஒரு சொல், சோதனை. அதை மூடாமல் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.