தயிர் இருந்த பட்டியல்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் அல்ல, அக்காவின் உத்தரவு. மூன்று நாள் அலுவலகப் பயிற்சிக்கு வெளியூர் போனவள், ஆறு வயது மகளையும், அவளைப் பார்த்துக்கொள்ளக் கல்லூரி விடுமுறையில் சும்மா கிடந்த என்னையும் கூட்டிப்போனாள். போகும்போது மகள் சாப்பிடும் பொருட்கள் ஐந்து. திரும்பும்போது நான்கு.

"அது எப்படிடா குறைஞ்சுது? எழுதிக் குடு" என்றாள். எழுதுகிறேன்.

பட்டியல்: வெறும் சோறு, ஓரம் வெட்டிய ரொட்டி, தோல் சீவிய ஆப்பிள், ஒரே ஒரு வகை பிஸ்கட், கட்டியில்லாத தயிர். மற்றதெல்லாம் அவள் வாய்க்குள் மணலாகவோ நூலாகவோ மாறிவிடும்.* தட்டை முகர்ந்து, தொட்டு, திருப்பிப் பார்த்த பிறகே கைவைப்பாள் என்பதால் அவளுக்கு வீட்டில் இன்ஸ்பெக்டர் என்று பெயர்.

* அடம் இல்லை. மருத்துவரே சொல்லிவிட்டார். வாசகரே, "எங்க வீட்டுப் பிள்ளையெல்லாம்…" என்று ஆரம்பிக்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "விடுதி கேன்டீன் மாஸ்டர் ஒரு கொடூரமான…"

அடித்துவிட்டேன். அந்த மனிதர் ரொட்டி ஓரத்தை ஸ்கேல் வைத்து வெட்டித் தந்தவர். "இருபது வருஷமா சமைக்கிறேன் தம்பி. வெறும் சோத்துக்கு இத்தனை விளக்கம் சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்றார், அவ்வளவுதான். அவர்மேல் பழி போட முடியாது.

இரண்டாம் தொடக்கம்: பக்கத்து மேஜை அம்மாள். "ரெண்டு வேளை பட்டினி போடுங்க, தானா தின்னும்." அவர் கணவர் தன் தட்டிலிருந்து எதையோ கரண்டியில் நீட்டி, "ஒரு வாய்தான் கண்ணு, மாமாவுக்காக" என்றார். இன்ஸ்பெக்டர் மேஜைக்கு அடியில் இறங்கிவிட்டாள். நானும் இறங்கியிருப்பேன், இடமில்லை. வில்லன்களாக இந்தத் தம்பதி கச்சிதம். ஆனால் இவர்கள் தயிரைத் தொடவே இல்லை.

[வரைவின் ஓரத்தில் அக்கா: "சுத்தி வளைக்காதடா. தயிர் என்னாச்சு?"]

3

சரி. தயிரில் அரை ஸ்பூன் வாழைப்பழத்தை மசித்துக் கலந்தது நான்.

இரண்டாம் நாள் மதியம், விடுதி அறையில், முதுகைத் திருப்பிக்கொண்டு. நோக்கம் சத்து என்று இங்கே எழுதலாம். உண்மையில், அக்கா ஆறு வருடத்தில் செய்யாததை நான் இரண்டே நாளில் செய்துவிட்டேன் என்று படம் எடுத்து அனுப்பும் ஆசை. போனைக்கூடச் சாய்த்து வைத்திருந்தேன்.

ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். அழவில்லை. (அழுதிருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும்.) கைக்குட்டையில் துப்பிவிட்டுக் கிண்ணத்தை மூடினாள்.

"மாமா, இது தயிர் இல்ல."

"தயிர்தான்டா செல்லம்."

"ஏதாவது கலந்தீங்களா?"

"இல்லையே!"

மாஸ்டரைப் பற்றி எழுதியதை அடித்துவிட முடிந்தது. இந்த "இல்லையே"யை எப்படி அடிப்பது என்று தெரியவில்லை. மாலையில் சுத்தமான தயிர் வைத்தேன், தொடவில்லை. சோற்றைக்கூட என் கையிலிருந்து வாங்காமல், பயிற்சி முடிந்து அம்மா வரும்வரை பசியோடு காத்திருந்தாள்.

4

கைவசம் உள்ள முடிவுகள்:

அ) ஊர் திரும்பியதும் தயிரை ஆசையாகச் சாப்பிடுகிறாள்.

ஆ) வாழைப்பழத்தையே கேட்டு வாங்கி…

[அக்கா: "இதை எழுதினா வீட்டுப் பக்கமே வராத."]

நடந்தது இவ்வளவுதான். இன்று காலை இன்ஸ்பெக்டரிடம், "நான்தான் கலந்தேன். பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்."

மூடி பிரிக்காத தயிர்க் கிண்ணம் ஒன்றை அவள் முன் வைத்தேன். அவளே பிரித்தாள். முகர்ந்தாள். ஸ்பூனை என்னிடம் நீட்டினாள். "மொதல்ல நீங்க."

சாப்பிட்டேன். விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்தாள். ஸ்பூன் இப்போது மேஜையில், எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது.

இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் அது அவளுக்கு ஊட்டிவிடுவதாகிவிடும். வேண்டுமானால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவசரமே இல்லை. ஆனால் மனதுக்குள்கூட "ஒரு வாய்தான்" என்று சொல்லிவிடாதீர்கள்; அவளுக்குக் கேட்டுவிடும்.