குப்பை லிஃப்டில் ஒரு பொதுக்கூட்டம்

குப்பை லிஃப்டுக்குள், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கியபடி, நாற்பது பணக்காரர்களை வைத்துப் பொதுக்கூட்டம் நடத்தி, ஒரு விதியையே ஒழித்துவிட்டு இறங்கியவன் பிரேசிலின் சல்வதோர் நகரத்தில் நான் ஒருவன்தான். ஒரு கர்னல் என் தோளில் முகம் புதைத்து அழுதார்.

இதைச் சொன்னதும் தெருவே கைதட்டியது. பக்கத்து வீட்டு செலஸ்தீனா மட்டும் பீன்ஸ் கிண்டுவதை நிறுத்தாமல், "வால்டோமீரோ அண்ணே, முப்பது வருஷம் பஸ் ஓட்டினீங்க. ஒருநாளாவது நேரத்துக்கு வந்திருக்கீங்களா? உங்க பேச்ச நான் நம்பணுமாக்கும்!" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. ஊசலாடிக்கொண்டிருந்தது அவள் பிழைப்பு.

பணக்காரர்கள் இருக்கிற கிராசா பகுதியில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம். அதில் ஒன்பதாவது மாடி எஜமானியம்மா டோனா யூலாலியா வீட்டில் சமையல், துணி, சகலமும் செலஸ்தீனாதான். முன்பக்கம் கண்ணாடி பதித்த லிஃப்ட், வீட்டுக்காரர்களுக்கு. பின்பக்கம் குப்பைத் தொட்டியும் மீன் கூடையும் வேலைக்காரர்களும் போகிற லிஃப்ட். அது பாதி நாள் படுத்துவிடும். முட்டி வீங்கியிருந்த ஒருநாள் செலஸ்தீனா முன்பக்கத்தில் ஏறிவிட்டாள். கட்டடச் செயலாளர் கர்னல் அமில்கார் அவளை மூன்றாவது மாடியிலேயே இறக்கிவிட்டார். வீட்டுக்காரர்கள் கூடி முடிவெடுக்கும்வரை வாசல் பக்கமே வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். பென்ஷனுக்கு இன்னும் இரண்டே வருடம். இந்த வயதில் புது வேலை யார் தருவார்?

அவள் மகள் தைனாராவுக்கு இருபத்திரண்டு வயது. நகரத்தில் எங்கே கறுப்புத் தோலைப் பார்த்துக் கதவைச் சாத்தினாலும் அங்கே ஆள் திரட்டிக்கொண்டு போய் நிற்கிற கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. நானும் அதில் சேர்ந்திருந்தேன். பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு சத்தம் போட எனக்கும் ஓர் இடம் வேண்டாமா?

அவளும் நானும் கர்னலைப் பார்க்கப் போனோம். மனிதர் விவரமானவர்.

"நிறத்தப் பாத்து நிறுத்தினா குத்தம்னு எனக்குத் தெரியும்மா. நான் நிறமே பாக்கறதில்ல. சீருடையத்தான் பாக்கறேன்."

"எங்கம்மா அன்னிக்கு சீருடை போடல சார். அது சொந்தப் பாவாடை, சொந்தச் சட்டை."

"வெள்ளைதானே? அப்ப வெள்ளைத் துணின்னு வெச்சுக்கோ. போதுமா?"

மறுநாளே வாசலில் பலகை மாட்டிவிட்டார். வெள்ளை உடுத்தி வருகிறவர்கள் எல்லாரும் பின்பக்க லிஃப்டில்தான் போக வேண்டும். வெள்ளைச் சீருடை போடுகிற சமையல்காரி, ஆயா ஒருத்தியும் தப்ப முடியாது என்று அவருக்குப் பெருமை.

தைனாரா சிரித்த சிரிப்பில் என் வீட்டு ஓடு இரண்டு கழன்று விழுந்தது. "மாமா, வீட்டுக்காரங்க கூட்டம் என்னிக்குன்னு பாத்தீங்களா? வெள்ளிக்கிழமை!"

வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் ஒஷாலா சாமிக்காக வெள்ளை உடுத்துவோம். சாமி கும்பிடுகிறவன், கும்பிடாதவன், வக்கீல், கசாப்புக்காரன் எல்லாரும்தான். பிறந்ததிலிருந்து உடுத்துகிற வெள்ளை என்பதால் கர்னலுக்கு அது வெள்ளையாகவே தெரியவில்லை.

தைனாரா வாரம் முழுக்க கிராசா பஸ் நிறுத்தத்தில் நின்று, வேலை முடிந்து போகிற ஒவ்வொரு பெண்ணிடமும் பேசினாள். கட்டடத்தின் வாயிற்காவலர் ஜெனிவால்தோவையும் பிடித்தாள்.

"என் சோத்துல மண்ணப் போட்டுடாத தங்கச்சி," என்றான் அவன்.

"விதிய மீறச் சொல்லலண்ணே. ஒரு ஆளு விடாம கடைப்பிடிங்கன்னுதான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் பன்னிரண்டாவது மாடியில். அந்தத் தெருவின் ஆயாக்களும் சமையல்காரிகளும் வாசலில் செல்போனோடு நின்றார்கள். வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், தலை முதல் கால்வரை வெள்ளை. ஜெனிவால்தோ நிமிர்ந்து நின்றான்.

"மன்னிக்கணும். வெள்ளை. பின்பக்கம் போங்க."

"என்னடா, என்னைத் தெரியல?" என்றார் ஒரு பல் டாக்டர்.

"நல்லாத் தெரியுது சார். பின்பக்கம்."

கடைசியாக கர்னல் வந்தார், கஞ்சி போட்ட வெள்ளை லினனில். விஷயம் புரிந்ததும் முகம் தக்காளியாகிவிட்டது. "இது எங்களுக்கு இல்ல!"

"வெள்ளைத் துணிக்குத்தான் விதி, தோலுக்கு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க சார்?" தைனாரா குரலை உயர்த்தவே இல்லை. "தோலுக்குத்தான்னா இப்பவே சொல்லிட்டு முன்பக்கமாப் போங்க. எல்லாரும் கேட்டுட்டுத்தான் இருக்காங்க."

செல்போன்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. அப்போது டோனா யூலாலியா கைப்பையை இடுக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். "வாங்க கர்னல், நானும் வெள்ளைதான். ரெண்டு வாரமா என் வீட்ல இஸ்திரி போட ஆளில்ல, இந்தத் துணியப் பாருங்க!"

கர்னல் உள்ளே போனார். இடம் இருந்தவரை மற்றவர்களும் போனார்கள்; மீதிப் பேர் அடுத்த முறைக்காகக் கீழேயே நின்றார்கள். வெள்ளை உடுத்தியிருந்த நானும் தைனாராவும் விதிப்படி ஏறினோம். ஏழாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் தன் வழக்கம்போலப் படுத்துவிட்டது.

புழுக்கம். மீன் தலை நிறைந்த தொட்டி கர்னலின் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"இதுலயா தினமும் வர்றாங்க?" என்றார் பல் டாக்டர்.

"லிஃப்ட் ஓடற நாள்ல," என்றாள் தைனாரா. "மத்த நாள்ல படிக்கட்டு. எங்கம்மா முட்டியோட ஒம்பது மாடி."

டோனா யூலாலியா தொண்டையைக் கனைத்தார். "கூட்டத்த இங்கேயே முடிச்சிடுவோம். கீழ நிக்கறவங்களுக்குக் கத்திச் சொன்னாக் கேக்கும்." கத்துகிற வேலை எனக்கு வந்தது. என் குரல் கடலுக்கு அக்கரையில் இருக்கிற இத்தப்பரிக்கா தீவுவரை கேட்டிருக்கும். கீழிருந்து சம்மதம் ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தது. பலகையைக் கழற்றுவது, செலஸ்தீனா திங்கட்கிழமை வேலைக்கு வருவது, யாரும் எந்த லிஃப்டிலும் ஏறுவது என்று முடிவானது. கடைசியில் கர்னல் மீன் தலைகளைப் பார்த்தபடி, "சரி, கழட்டித் தொலைங்க," என்றார்.

தெருவில் நான் இவ்வளவும் சொல்லி முடித்தும் செலஸ்தீனா மசியவில்லை. "நாப்பது பேரா?"

"பதினோரு பேரும்மா," என்றாள் தைனாரா. "கர்னல் அழல, வேர்த்துச்சு. மத்தது நிஜம்."

"நீயும் இந்த மனுஷன்கூடச் சேர்ந்துட்டியா?" சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு மெதுவாக, "நம்பிப் போயி, திங்கக்கிழமை வாசல்லயே திருப்பி அனுப்பினா என்னால தாங்க முடியாதுடி," என்றாள்.

திங்கட்கிழமை அவள் போனாள். நானும் தைனாராவும் பகல் முழுக்க டொமினோ ஆடினோம். ஒரு ஆட்டமாவது ஒழுங்காக ஆடினோமா, தெரியாது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, எங்கள் பெஞ்சியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றினாள்.

"கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஒம்பது மாடி போனேன்," என்றாள். "நடுவுல கர்னல் ஏறினாரு. எந்த மாடின்னு கேட்டாரு."

"அழுதாரா?" என்றேன்.

"இல்ல." முட்டியைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா நடந்திருக்குண்ணே. நெசமாவே நடந்திருக்கு."