முதல் கொதி நீர்

செனோபியோ என் மகள் நெலிதாவின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நின்றவன். அந்த உறவு வந்துவிட்டால் எங்கள் மலையில் அவன் எனக்குக் கொம்பாத்ரே, அவளைப் பெற்ற நான் அவனுக்குக் கொமாத்ரே. கூடப்பிறந்தவர்களுக்கும் மேலே. சாகும்வரை 'நீங்க' என்றுதான் பேச வேண்டும். பேசினேன். இப்போது அவனுக்கு 'அவன்' என்பதே அதிகம்.

அந்த வருஷம் என் தார்விச் செடிகளைக் கல்மழை அடித்துப் போட்டது. எங்களுக்குத் தார்வி சாப்பாடு மட்டுமல்ல, ஆட்டு மருந்தும்கூட. பச்சையாக வாயில் வைக்க முடியாத கசப்புக் கொட்டை அது. வேகவைத்து, மூட்டையோடு ஓடையில் ஊறப்போட்டுக் கசப்பு போன பிறகுதான் தின்னலாம். வேகவைத்த முதல் தண்ணீர் இருக்கிறதே, அதைப் புகட்டினால் ஆட்டு வயிற்றுப் புழு தாங்காது.

மழை விட்டதும் என் ஆடுகளுக்குத் தாடையில் நீர் கோத்துக்கொண்டது. கண் இமையைப் பிதுக்கினால் உள்ளே வெளுப்பு. புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி சினை ஆடுகள். எனக்கென்று இருந்ததெல்லாம் அவைதான். தார்வி தப்பியிருந்த செனோபியோவிடம் கேட்டேன். அவனுடைய உருளைக்கிழங்கு அறுவடையில் நானும் நெலிதாவும் முதுகு ஒடிய உழைத்திருந்தோம். எங்களுக்குள் கூலி கிடையாது, கைக்குக் கைதான். முதல் கொதி நீர் முழுவதும் எனக்கே என்றான்.

மஞ்சள் கேனில் அவனே தூக்கி வந்தான். அப்படியே வாங்கி வைத்தேன். வேறு யார் கொடுத்திருந்தாலும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்திருப்பேன். கொம்பாத்ரே கொடுத்ததை ருசி பார்ப்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். அப்படித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

பாட்டில் கழுத்தைக் கடைவாயில் செருகி ஒவ்வொன்றுக்கும் புகட்டினேன். ஒன்றுகூடத் தலையை உதறவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வீக்கம் வடியவில்லை. இன்னொரு கேன் கொண்டுவந்தான், புல் சரியில்லை என்று உச்சுக்கொட்டினான். கருமுகத்தாள் முதலில் விழுந்தாள், வயிற்றில் குட்டியோடு. பிறகு ஒவ்வொன்றாகப் போய்ப் பட்டி காலியானது. என் கைராசிதான் கெட்டுவிட்டதென்று என்னையே திட்டிக்கொண்டு அழுதேன்.

செத்ததுகளின் தோலை விற்கச் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு டவுன்காரன் சின்னச் சின்னப் புட்டிகளில் இயற்கைப் புழு மருந்து விற்றுக்கொண்டிருந்தான். எங்கள் ஊர் செனோபியோவிடம் வாங்கியதாம், முதல் கொதி நீராம், பெருமையாகச் சொன்னான். சந்தேகமிருந்தால் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்க்கச் சொன்னான். தொண்டைவரை கசந்தது. வீட்டுக்கு ஓடிவந்து கேனின் அடியில் கிடந்ததை ருசித்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீர்போல் இருந்தது.

நேரே அவன் வீட்டு முற்றத்துக்குப் போனேன். கன்னத்தில் கோக்கா இலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என் ஆட்டுக்குக் கழுவின தண்ணியா குடுத்தீங்க?" என்றேன்.

அவன் மறுக்கவில்லை. "அந்த ஆளு நல்ல விலை குடுத்தான் கொமாத்ரே. ரெண்டாவது கொதி தண்ணியும் புழுவுக்குக் கேக்கும்னு நெனச்சேன்." கொஞ்சம் மென்றுவிட்டுச் சொன்னான்: "நீங்களும் ஒரு தடவ நாக்குல வச்சுப் பாத்திருக்கலாமே."

நான் நம்பியதையே என் தப்பாக்கிவிட்டான்.

வாசலுக்கு வந்தவர் யாரானாலும் தட்டு நீட்ட வேண்டும். அவன் மனைவி பாசிலியா வெங்காயமும் மிளகாயும் போட்ட தார்வியை நீட்டினாள். எல்லாம் தெரிந்தவள்தான் போலிருக்கிறது, என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாங்கிக்கொண்டேன். அவன் கண்ணைப் பார்த்தபடியே ஒரு கொட்டையை எடுத்து நாக்கு நுனியில் வைத்து, நிதானமாக ருசி பார்த்தேன். பாசிலியா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் தலை தொங்கிப்போயிற்று.

"நீ சொன்னபடியே பாத்துட்டேன்டா," என்றேன். "கசப்பே இல்ல."

தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்தேன்.