நாலு மாதப் பெட்டி

என் கடைக்கு வருகிறவர்கள் இரண்டே வகை. ஊருக்குப் போகிறவர்கள், ஊருக்கு அனுப்புகிறவர்கள். பெட்டி கனமே இருக்கக் கூடாது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அனுப்புகிற கட்சி.

அன்று எங்கள் தெரு ஜவுளிக்கடைக்காரன் தன் மனைவியோடும் அம்மாவோடும் வந்தான். புருஷன் போனபின் அதே ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர் அந்தம்மா. வீட்டை விற்று மூவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார் என்று கேள்வி.

"லேசா இருக்கணும்ணே. அம்மாவே தூக்கற மாதிரி."

"கூட யாரும் போகலையா?"

"நான் பஸ் ஏத்திவிடுவேன், தம்பி எறக்கிக்குவான். அப்புறம் தங்கச்சி. ஆளுக்கு நாலு மாசம்."

துணிப் பெட்டிகளை வரிசையாக வைத்தேன். அந்தம்மா ஒன்றை உருட்டிப் பார்த்தார். "என்னப்பா, சக்கரம் குடிச்சுட்டு வந்திருக்கா?" இன்னொன்றின் ஜிப்பை இழுத்தார். "இது பாதி வழியிலயே வாயப் பொளந்துரும்."

"இதப் பாருங்கத்த," என்றாள் மருமகள். "கட்டிலுக்கு அடியில போயிரும். அமுக்கினா அமுங்கிக்கும்."

"என்னைய மாதிரின்னு சொல்லு."

மருமகள் வேறு பெட்டியைப் பார்க்கத் தொடங்கினாள். அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "எங்க கூடவே இருந்துரும்மான்னு ஒரு தடவ கேட்டான்பா. உன் வீட்ல காத்தே வராது, வேணாம்னேன். மறுபடி கேப்பான்னு பாத்தேன்."

எனக்குப் புரிந்தது. எங்கள் கடைத்தெருவில் முதல் வார்த்தைக்கே சரி என்பவனைப் பைத்தியம் என்பார்கள். பெண் கொடுப்பதாக இருந்தாலும் ஒருமுறை வேண்டாம் என்றுவிட்டுத்தான் உட்கார்ந்து பேசுவோம்.

"நீதானம்மா வேணாம்ன," என்றான் மகன்.

"வேணாம்னா வேணாம்னுதான் அர்த்தமா? கல்லாவுல வளந்தவன்தானடா நீ?"

அவன் பெட்டியின் கைப்பிடியை இழுத்தான், அமுக்கினான்.

"எதுவும் பிடிக்கல. நான் எங்கயும் போகல," என்று அந்தம்மா வாசலைப் பார்த்து நடந்தார். பேரம் பேசுகிறவர்களின் அந்த நடை எனக்கு மனப்பாடம். முதுகு போகும், காது பின்னாலேயே நிற்கும். எத்தனை பேரை அப்படிக் கூப்பிட்டுத் திருப்பியிருக்கிறேன்! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கூப்பிட வேண்டியவன் நானில்லையே.

"என்னங்க, கூப்பிடுங்க," என்றாள் மருமகள். அவளுக்கே பொறுக்கவில்லை.

"இரு. வேற கடை இல்லாதவங்க தானா வருவாங்க." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். "அம்மா சொல்லிக் குடுத்ததுதான்."

அந்தம்மா நடைபாதையில் நின்றார். போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தார். யாரோ இடித்துவிட்டுப் போனார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூப்பிடாமலே உள்ளே வந்தார்.

இருந்ததிலேயே லேசான பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். ஜிப்பை இழுக்கவில்லை, சக்கரத்தை உருட்டவில்லை. "இது போதும். அவர் சொல்ற விலையக் குடுத்துரு" என்றார்.

மகனுக்குப் பழக்கதோஷம். "கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணே" என்றான்.

ஒரு பைசா குறைக்கவில்லை நான்.