எஞ்சின் நின்னுட்டா?

மூன்றாம் வகுப்பில் அன்று டீச்சர் மேசை விசிறியை ஓடவிட்டு, ஆளுக்கொரு அட்டையை அதன் முன்னால் பிடிக்கச் சொன்னார். முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தியதும் அட்டை கையை மேலே இழுத்தது. "அட்டை காத்தைக் கீழே தள்ளுது, காத்து அட்டையை மேலே தள்ளுது. விமான றெக்கையும் இப்படித்தான்" என்றார்.

வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்த சிறுமி அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். தூர தேசத்தில் அவளுடைய அக்காவுக்குப் பிரசவ நேரம். விமானம் என்றாலே அம்மாவுக்குப் பயம். போகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

விசிறிக்கு முன்னால் அம்மா வேண்டாவெறுப்பாக அட்டையைப் பிடித்தாள். "ஏய், நிஜமாவே தூக்குதுடி!" என்றவளின் முகம் உடனே சுருங்கியது. "சரி, நடுவானத்துல எஞ்சின் நின்னுட்டா?"

வாயாடி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டீச்சரைத்தான் கேக்கணும்."

மறுநாள் அம்மாவே பள்ளிக்கு வந்து, குட்டி பெஞ்சில் குழந்தைகளோடு உட்கார்ந்து கேட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. எல்லாரையும் மாடி வராந்தாவுக்கு அழைத்துப்போய் ஒரு காகித விமானத்தை வீசினார். "இதுக்கு ஏதுங்க எஞ்சின்?" அது பொத்தென்று விழாமல், மெல்லச் சரிந்தபடி மைதானத்தின் மறுகோடியில் இறங்கியது. "பெரிய விமானமும் இப்படித்தான் மிதந்து இறங்கும். பைலட்டுக்கு இடம் தேட நேரம் கிடைக்கும்."

"நான் ஒண்ணு விடட்டுமா?" என்றாள் அம்மா. அவள் விட்டது தலைகுப்புற விழுந்தது. பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்து வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வால்பக்கத்தை லேசாக மேலே மடித்த பிறகு நன்றாகவே பறந்தது.

மாலையில் அம்மா மூத்தவளுக்குப் போன் போட்டாள். "வரேன்டி. மாப்பிள்ளையை ஜன்னலோர சீட்டா எடுக்கச் சொல்லு. றெக்கையைப் பாக்கணும்."