நான்கு நிமிடப் பதிவு

கலைவேந்தன் இறந்து மூன்று மாதம் கழித்து, அவன் மனைவி மகாலட்சுமி பாகூரிலிருந்து அவனுடைய போனை எடுத்துக்கொண்டு வில்லியனூருக்கு, அரிகரன் வீட்டுக்கு வந்தாள்.

"பாப்பா அர்ச்சனாவோட ஸ்கூல் ஆப் இதுல ஏற மாட்டேங்குதுண்ணா. சரி பண்ணிக் குடுங்க. உள்ள இருக்கறது எதுவும் வேணாம். எல்லாத்தயும் அழிச்சிடுங்க."

அரிகரன் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். பழைய போன்களில் கம்பெனி போட்ட சிஸ்டத்தை எடுத்துவிட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வேறு சிஸ்டத்தை ஏற்றுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. நண்பன் கலைவேந்தனின் போனுக்கும் நான்கு வருடம் முன்பு அவன்தான் ஏற்றிக் கொடுத்தான். இப்போது வந்திருக்கும் சிஸ்டம் பெரியது. போனில் அதற்கென்று ஒதுக்கிய பகுதியில் அடங்காது. படங்களும் பதிவுகளும் கிடக்கும் பகுதியைச் சுருக்கி, அந்த இடத்தை இதோடு சேர்க்க வேண்டும். ஓர் எண் தப்பினாலும் போன் செத்துப்போகும் என்பதால், முதலில் எல்லாவற்றையும் லேப்டாப்பில் நகலெடுத்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நகலெடுத்தான். சரியாக வந்திருக்கிறதா என்று திறந்தபோது, போன் தானாகச் சேமித்திருந்த அழைப்புப் பதிவுகள் கண்ணில் பட்டன. கடைசிப் பதிவில் அரிகரன் பெயர். மாலை ஐந்து பதினேழு. கலைவேந்தன் இறந்த நாள்.

அந்த அழைப்பைப் பற்றி அரிகரன் யாரிடமும் சொன்னதில்லை. டீ இடைவேளையில் சும்மா போட்ட போன் அது. "வண்டி ஓட்டறேண்டா, அப்புறம் பேசறேன்" என்றான் கலைவேந்தன். "அட பேசுடா, இன்னா இப்போ" என்று இவன்தான் விடவில்லை. நான்கு நிமிடம் பேசினார்கள். பிறகு குரல் வரவில்லை. சிக்னல் இல்லையென்று நினைத்துக் கட் செய்தான். ஏரிக்கரை சாலையில் கரும்பு லாரி மோதிய செய்தி ஆறரைக்குத்தான் வந்தது.

பதிவை ஓடவிட்டான். கம்ப்ரஸர் இரைச்சலில் அன்று அவனுக்குக் கேட்காதது எல்லாம் அதில் இருந்தது. ஹாரன். இரும்பு நசுங்கும் சத்தம். இழுத்து இழுத்து ஒரு மூச்சு. பிறகு மிக மெல்ல, "அரி."

அதன்மேல் அரிகரனுடைய குரல்: "ஹலோ? சே, சிக்னல் இல்ல போல."

சொன்னபடி வேலையை முடித்தான். போனில் எல்லாம் அழிந்தது. லேப்டாப் நகலையும் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அழிக்காமல் லேப்டாப்பை மூடிவைத்தான்.

மறுநாள் ஷிஃப்டில், மெஷின் ஓடும்போது யாரோ முதுகுக்குப் பின்னால் "அரி" என்றார்கள். திரும்பினான். யாருமில்லை. அடுத்த நாளும் அப்படியே. வீட்டில் குழாயைத் திறந்தாலும் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அந்த மூச்சு கேட்டது. ஐந்தாம் நாள் லீவு போட்டுவிட்டுப் பாகூருக்குப் போனான்.

போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னான்: "அன்னிக்கு அவன்கூடப் பேசினு இருந்தது நான்தாம்மா. வண்டி ஓட்டறேன்னான். நான்தான் வுடல."

"தெரியும்ணா. ஆஸ்பத்திரில போனைக் குடுத்த அன்னிக்கே கேட்டுட்டேன். அப்புறம் தெனம் கேட்டேன். தாங்கல. அதான் அழிக்கக் குடுத்தேன்."

"ஏம்மா என்னை ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களே சொல்வீங்களான்னு பாத்தேன்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "லேப்டாப்ல ஒரு காப்பி இருக்குது. இன்னா பண்ணட்டும்?"

மகாலட்சுமி சொன்னாள்: "நடுவுல ஒரு எடத்துல சிரிப்பாரு. அத மட்டும் வெட்டிக் குடுங்கண்ணா. முழுசா இருந்தா கடைசி வரைக்கும் கேட்டுடறேன்."

"மீதி?"

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

சிரிப்பு பதினோரு வினாடி. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிக்க ஒன்பது முறை கேட்க வேண்டியிருந்தது. அனுப்பிவைத்தான்.

மறுநாள் சாயந்திரம் மகாலட்சுமி கூப்பிட்டாள். "எங்கண்ணா இருக்கீங்க? வண்டிலயா?"

"இல்லம்மா. வூட்லதான்."

"அர்ச்சனா கேக்கறா, அப்பா எதுக்குச் சிரிச்சாருன்னு. எனக்குச் சொல்ல வரல. நீங்களே சொல்லுங்க."

போன் கைமாறியது. ஒரு சின்ன மூச்சு கேட்டது. "மாமா?"

அரிகரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எங்க கம்பெனில ஒரு மேனேஜர் இருக்காரும்மா..." என்று ஆரம்பித்தான்.